பழைய புடவையில் தைத்த பை ஏன் சீக்கிரம் கிழிகிறது?

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. பீரோவில் உடுத்தாமல் கிடக்கும் புடவையையும் வேட்டியையும் ஜீன்ஸையும் வெட்டிப் பை, பர்ஸ், சுருக்குப்பை தைத்துப் பார்க்கலாமே என்று பலருக்கும் தோன்றுகிறது. தைக்க உட்கார்ந்தால் இரண்டு குழப்பங்கள் வருகின்றன. ஒன்று, “துணிப்பை பிளாஸ்டிக்கைவிடச் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல்” என்று சுற்றிவரும் ஒரு கணக்கு. மற்றொன்று, பார்த்துப் பார்த்துத் தைத்த பை நாலு மாதத்தில் கைப்பிடியோடு பிய்ந்துவருவது.

இரண்டுக்குமே விடை, அந்தத் துணி பையாவதற்கு முன் வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது. அது எவ்வளவு செலவில் உருவானது என்பது முதல் குழப்பத்தைத் தீர்க்கும். அது எந்த இடத்தில் தேய்ந்தது என்பது இரண்டாவதைத் தீர்க்கும்.

7,100 முறை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2018இல் கடைப் பைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு சாதாரணப் பருத்திப் பை, கடையில் தரும் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால், புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால் 52 முறையும், எல்லாச் சுற்றுச்சூழல் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறையும் பயன்பட வேண்டும் என்றது. ரசாயனம் இல்லாமல் விளைவித்த பருத்திக்கு இரண்டாவது எண் 20,000. இந்த எண்கள்தான் விளக்கமே இல்லாமல் வாட்ஸ்அப்பில் வலம்வருகின்றன.

எண்கள் தவறல்ல. ஆனால் அவை புதுப் பருத்திக்கானவை. பஞ்சு விளைவிக்கத் தண்ணீர், உரம், பூச்சிமருந்து; அப்புறம் நூற்பு, சாயம், நெசவு. சுமை பெரும்பாலும் இங்கேதான் ஏறுகிறது, தையலில் இல்லை. டென்மார்க்கில் குப்பையை எரித்து ஆற்றல் எடுப்பதும் அந்தக் கணக்கில் அடக்கம். வாய்க்கால் அடைத்துக்கொள்வது, மாடு தின்பது போன்ற நம் ஊர்த் தொல்லைகள் அதில் இல்லை.

பத்து வருடம் உடுத்திய பருத்திப் புடவையின் சுமை அதை உடுத்தியபோதே கழிந்துவிட்டது. அதிலிருந்து வெட்டும் பைக்கு ஆகும் புதுச் செலவு நூலும் கொஞ்சம் மின்சாரமும்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய துணிக்கென்று புது லைனிங், புது ஃபோம், புது கேன்வாஸ், பிளாஸ்டிக் ஜிப் எல்லாம் வாங்கி வந்தால் கழிந்த சுமை திரும்ப ஏறிவிடும். லைனிங்கும் பழையதாகவே இருக்கட்டும். பாப்ளின் உள்பாவாடையைவிட நல்ல லைனிங் கடையில் தேடினாலும் கிடைப்பது அரிது. துணி இன்னும் உடுத்தும் நிலையில் இருந்தால், வெட்டுவதைவிட உடுத்துவோருக்குக் கொடுப்பதே அதன் ஆயுளை அதிகம் நீட்டும்.

பழைய துணியைப் படிப்பது

புதுத் துணி எல்லா இடத்திலும் ஒரே வலுவோடு இருக்கும். பழைய துணி அப்படி இருக்காது. வெட்டுவதற்கு முன் சில சொற்களைப் பிடித்துக்கொள்வோம்.

பாவு: தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். ஊடை: குறுக்கே ஓடி நெய்யும் நூல். தறியின் இழுப்பைத் தாங்க வேண்டியிருப்பதால் பாவு நூல் பொதுவாக முறுக்கு அதிகமாக இருக்கும். துணியும் அந்த வாக்கில் குறைவாகவே நீளும். புடவையில் பாவு 5½ மீட்டர் நீளத்தோடு ஓடுகிறது. பாவுக்கும் ஊடைக்கும் இடையே மூலைவிட்டமாகப் போவது கிராஸ். அந்த வாக்கில் துணி ரப்பர்போல இழுபடும். பைப்பிங்குக்கு அது வரம், கைப்பிடிக்கு நாசம்.

எந்த உடுப்பு எங்கே தேயும் என்பதற்கு ஒரு வரைபடமே போடலாம்:

1. பருத்திப் புடவை: இடுப்பில் சொருகும் விளிம்பு, குதிகாலில் உரசும் கால்கரை, பின் குத்தும் தோள்பகுதி ஆகியவை நைந்திருக்கும். நல்ல துணி இருப்பது முதல் சுற்றில் உள்ளே போகும் முனையில். வெயில் படாத, யார் கண்ணிலும் படாத அந்த ஒரு மீட்டர்தான் புடவையின் சேமிப்பு.

2. சட்டை: காலர் மடிப்பு, கை விளிம்பு, முழங்கை, அக்குள் எல்லாம் போயிருக்கும். முதுகுத் துண்டு முழுசாகக் கிடைக்கும். பட்டன் பட்டியையும் விடாதீர்கள். அதை அப்படியே பையின் வாயாக வைத்தால் ஜிப்பே வேண்டாம்.

3. வேட்டி, படுக்கை விரிப்பு: நடுப்பகுதி சல்லடையாகியிருக்கும், ஓரங்கள் நன்றாக இருக்கும்.

4. ஜீன்ஸ்: முட்டி, தொடையின் உள்பக்கம், உட்காரும் இடம் தேய்ந்திருக்கும். கெண்டைக்கால் பக்கத்துத் துணியும் இடுப்புப்பட்டியும் கடைசிவரை கெட்டியாக இருக்கும்.

அப்புறம் சோதனை. கஞ்சி போட்ட துணியை அலசிக் கஞ்சியை நீக்காமல் சோதித்தால் ஏமாறுவீர்கள். இற்றுப்போன நூலையும் கஞ்சி விறைப்பாகக் காட்டும். அலசிக் காயவைத்து, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மற்ற இடத்தைவிட வெளிச்சம் அதிகம் கசியும் பகுதியைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்குங்கள். மீதியில், இரண்டு கட்டைவிரலும் ஒட்டி நிற்கும்படி துணியைப் பிடித்து, பாவு வாக்கில் ஒருமுறை, ஊடை வாக்கில் ஒருமுறை வெடுக்கென்று சுண்டி இழுங்கள். ‘டப்’ என்று விறைத்து நின்றால் பைக்கு ஆகும். மெல்ல நெறிபடும் சத்தம் கேட்டால் லைனிங்குக்கு ஆகும். பிரிந்தே விட்டால் கால்மிதிக்கு.

எந்த இழை என்று தெரியாமல் வெட்டாதீர்கள்

துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, கிடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையும் மெத்தென்ற சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது ரேயான். முடி கருகும் நாற்றமும் விரலில் பொடியாகும் கறுப்பு மணியும் வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிச் சொட்டி, கல்போல இறுகினால் பாலியெஸ்டர், நைலான் வகை.

இதில் நிறையப் பேர் கோட்டைவிடுவது ரேயானில். பருத்திபோலவே எரியும், பருத்தியைவிட வழவழவென்று இருக்கும். பருத்தி நனைந்தால் வலுக்கூடும். ரேயான் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். ரேயான் குர்தாவில் தைத்த பையில் ஈரக் கீரைக்கட்டையும் பால் பாக்கெட்டையும் போட்டுக்கொண்டு மழையில் வந்தால் அடி பிய்வதற்குத் தையல் காரணமல்ல. சந்தேகம் இருந்தால் இன்னொரு நூலை எச்சில் தொட்டு நனைத்து இழுங்கள். காய்ந்த நூலைவிடச் சுலபமாக அறுந்தால் அது ரேயான்.

அடுப்படிப் பிடிதுணிக்குப் பாலியெஸ்டர் கலந்த துணியே ஆகாது. சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். முழுப் பருத்தியில் ஐந்தாறு அடுக்கு வைத்துத் தையுங்கள். பிடிதுணி நனைந்திருந்தால் பருத்தியும் காக்காது. ஈரம் சூட்டை நேராகக் கைக்குக் கடத்திவிடும்.

கைப்பிடி: எல்லாம் பிய்வது இங்கேதான்

ஐந்து கிலோ காய்கறி உள்ள பையில் இரண்டு கைப்பிடிகள், நாலு ஒட்டிடங்கள். நின்றால் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றேகால் கிலோ. நடக்கும்போது பை குலுங்கினால் கணத்துக்குக் கணம் அது ஏறி இறங்கும். இவ்வளவும் இரண்டு சதுர அங்குலத் துணியில், அதுவும் ஊசி குத்திக் குத்தித் துளையான இடத்தில் இறங்குகிறது. பிய்ந்த பையை எடுத்துப் பாருங்கள். கைப்பிடி முழுசாக இருக்கும், தையலும் அறுந்திருக்காது. தையலுக்குப் பக்கத்தில் துணிதான் நேர்கோட்டில் கிழிந்திருக்கும், தபால்தலையைக் கிழித்த மாதிரி.

கெட்டியாக இருக்கட்டும் என்று பொடித் தையல் போட்டு, மேலேயே நாலு தடவை ஓட்டுவதுதான் இதை வரவழைக்கிறது. துளை கூடக் கூட இடையில் நிற்கும் நூல் குறைகிறது. பழைய துணிக்கு அங்குலத்துக்கு 8 தையல், அதாவது தையல் நீளம் 3 மில்லிமீட்டர், போதும்.

உறுதியான வழி, பாரத்தைப் பைத் துணியின் மேல் ஏற்றாமலே விடுவது. கைப்பிடியை மேலே மட்டும் ஒட்டாமல், பையின் அடிவரை சுற்றிவரும் ஒரே பட்டியாக வைத்தால் பாரம் பட்டியிலேயே போய்விடும். பைத் துணி பொருளைச் சூழ்ந்து நின்றால் போதும். இதற்கு நீளமான, பாவு வாக்கிலேயே ஓடும், நெருக்கமாக நெய்த ஒரு பட்டி வேண்டும். புடவைக் கரையைவிடப் பொருத்தமாக வேறென்ன இருக்கிறது?

பை தைக்கும் முறை

தைத்து முடித்ததும் அகலம் 10, உயரம் 12, அடிப்பாகம் 4 அங்குலம் வரும் பைக்கு அளவுகள் இவை.

1. வெளித்துணி 15 × 29 அங்குலத்தில் ஒரே துண்டு. நீளம் பாவு வாக்கில் வரட்டும். அடியில் மூட்டே இல்லாததால் அங்கே பிரியாது. லைனிங்கும் இதே அளவு.

2. கரையோடு சேர்த்து 4 அங்குல அகலத்தில் 101 அங்குல நீளப் பட்டி. கணக்கு இது: பைமேல் ஓடும் இரண்டு கோடு 28 + 28, கையில் பிடிக்கும் இரண்டு வளையம் 22 + 22, மூட்டுக்கு 1.

3. பட்டியின் இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்துத் தேய்த்து, மறுபடி இரண்டாக மடித்தால் நாலடுக்கில் 1 அங்குலப் பட்டி. கரையின் வேலைப்பாடு வெளியே தெரிய வேண்டுமானால் முதல் மடிப்பைப் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தையல் ஓட்டுங்கள்.

4. முனைகளை இணைத்து வளையமாக்குங்கள். நாலடுக்கும் நாலடுக்கும் மேலேறும் இந்த மூட்டு பையின் அடிப்பக்கத்தில்தான் வர வேண்டும். கைபிடிக்கும் இடத்தில் வந்தால் உறுத்தும், சீக்கிரம் பிரியும்.

5. வெளித்துணியை விரித்து, அகலத்தின் நடுவிலிருந்து இரு பக்கமும் 2 அங்குலம் தள்ளி இரண்டு கோடு போடுங்கள். பட்டியின் உள்விளிம்பு கோட்டில் உட்காரட்டும். வளையம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். தைத்தபின் கண்டுபிடித்தால் முழுதும் பிரிக்க வேண்டும். மேல் விளிம்புக்கு 1½ அங்குலம் கீழே நிறுத்தி, பட்டியின் இரு ஓரமும் தையுங்கள்.

6. துணியை நல்ல பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, பக்கங்களை ½ அங்குலம் விட்டுத் தையுங்கள். அடி மூலையை முக்கோணமாக இழுத்து, பக்கத் தையல் நடுவில் வரும்படி வைத்து, குறுக்கே 4 அங்குலம் அளந்து தைத்தால் அடிப்பாகம் உருவாகும். லைனிங்கையும் இப்படியே.

7. வெளிப்பையை மட்டும் நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி, இரண்டின் வாயையும் ½ அங்குலம் மடித்துத் தேய்த்து, மடிப்புகள் நடுவில் மறையும்படி லைனிங்கை வெளிப்பைக்குள் இறக்கி, வாயைச் சுற்றி இரண்டு வரி தையல். கடைசியாக, தைக்காமல் விட்ட பட்டிப் பகுதியில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் தைத்து முடியுங்கள்.

வெட்டுவதற்கு முன் இரண்டு துணியையும் சுடுதண்ணீரில் அலசியிருக்க வேண்டும். சுருங்கி முடித்த பழைய துணியோடு அதிகம் துவைக்காத லைனிங் சேர்ந்தால், முதல் துவைப்பில் லைனிங் சுருங்கிப் பை கோணிக்கொள்ளும். சாயம் போகுமா என்றறிய, ஈரத் துணிமேல் வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பார்த்தால் போதும்.

பட்டுப்புடவை வேறு கதை

பட்டு பார்வைக்கு மின்னிக்கொண்டே உள்ளே இற்றுப்போகும். வெயிலும் வியர்வையும் இழையைச் சிதைக்கின்றன. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்த புடவை அந்த மடிப்பிலேயே முறியும். ஜரிகைக் கரை கனம். அதை ஒட்டிய மெல்லிய உடல்பகுதிக்கு அந்தக் கனம் ஒரு தொடர் இழுப்பு. அதனால் மடிப்புக் கோடுகளையும் கரையை ஒட்டிய ஓரிரு அங்குலத்தையும் தனியாகச் சுண்டிப் பாருங்கள்.

பாரம் தாங்கும் பைக்குப் பழைய பட்டு ஆகாது. சுருக்குப்பை, கண்ணாடி உறை, நகை உறை இவற்றுக்கு அருமையாக உட்காரும். அதிலும் தனியாக நிற்க விடாதீர்கள். ஒவ்வொரு பட்டுத் துண்டின் அடியிலும் அதே அளவு மல் எனும் மெல்லிய பருத்தித் துணியை வைத்து, ஓரம் முழுக்க நூலோட்டி, இரண்டையும் ஒரே துணியாகக் கருதித் தையுங்கள். இழுப்பை மல் வாங்கிக்கொள்ளும். ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி) ஒட்டுவதென்றால் முதலில் கழிவுத் துண்டில் ஒட்டிப் பாருங்கள். மெல்லிய பட்டில் பசை புள்ளி புள்ளியாக வெளியே தெரியும், பிறகு எடுக்கவே முடியாது.

பட்டில் ஊசித் துளை மூடாது. குண்டூசி குத்தினால் வெட்டி உள்ளே போகும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள். மெஷினில் புது 9 அல்லது 11ஆம் நம்பர் ஊசி போடுங்கள். முனை மழுங்கிய ஊசி நூலைக் குத்தாமல் இழுத்துக்கொண்டு போகும். தையலிலிருந்து குறுக்கே ஒரு கீறல்கோடு ஓடினால் அதுதான் காரணம், ஊசியை மாற்றுங்கள். முடித்தபின் 8 அங்குல அகலம் வரும் சுருக்குப்பைக்குச் சுற்றளவு 16. எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஓடும் இரண்டு கயிறும் 24 அங்குலம் இருந்தால் பை முழுக்க விரியும்போதும் கயிறு உள்ளே போகாது.

ஜரிகையைக் கத்தரிக்கும் முன் பாருங்கள். அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளித் தகடு சுற்றித் தங்க முலாம் பூசியிருக்கும். பழைய பட்டுப்புடவை வாங்குபவர்கள் தெருத்தெருவாக வருவது இந்த வெள்ளிக்காகத்தான். வெட்டிய துண்டுகளுக்கு அவர்கள் தரும் விலையும் பேசும் பேச்சும் வேறு. போலி ஜரிகையானால் கவலை வேறு: பிளாஸ்டிக் படலத்தில் செய்தது இஸ்திரிப்பெட்டி பட்டதும் சுருங்கிக் கருகும். துணியைத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் தேயுங்கள்.

ஜீன்ஸில் ஊசி உடைவது ஏன்?

ஜீன்ஸ் துணி மெஷினுக்குக் கனமல்ல, மூட்டுகள்தான் கனம். உள்மடித்த இரட்டைத் தையல் இன்னொரு மூட்டைக் கடக்கும் இடத்தில் எட்டு அடுக்குகூட வரும். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷினின் கால் அந்த மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்கிறது. நகராத துணியை நாம் கையால் இழுக்கிறோம். ஊசி வளைந்து தகட்டில் இடித்து உடைகிறது.

16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி போடுங்கள். மேட்டைச் சுத்தியலால் தட்டி நசுக்குங்கள். மேட்டை நெருங்கியதும் காலைத் தூக்கி, அதன் பின்புறம் அதே உயரத்துக்கு மடித்த துண்டுத் துணியை வைத்தால் கால் சமமாக நிற்கும். அந்த ஓர் அங்குலத்தை மோட்டாரில் ஓட்டாமல் கைச்சக்கரத்தால் உருட்டிக் கடந்துவிடுங்கள். நீளும் ஜீன்ஸில் எலாஸ்டேன் இழை கலந்திருக்கும். அதைக் கைப்பிடிக்கு வெட்டினால் இரண்டே வாரத்தில் தொளதொளத்துத் தொங்கும். பாக்கெட்டுக்கும் சிறு பர்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புப்பட்டி நீளாததாக இருந்தால் மடிப்பும் தையலும் வேண்டாத தயார் கைப்பிடி அதுவே.

மிச்சத் துண்டுகள்

4 × 22 அங்குல நீளத் துண்டும் 8 அங்குல எலாஸ்டிக்கும் இருந்தால் தலைமுடிக்கு ஒரு ஸ்க்ரஞ்சி. புடவையிலிருந்து பிரித்த ஃபால்ஸ், லைனிங் வைக்காத பையின் உள்மூட்டுகளை மூடித் தைக்க அளவெடுத்தாற்போல் இருக்கும். டி-சர்ட்டுக்குப் பாவும் ஊடையும் இல்லை, பின்னல் துணி. சாதாரண ஊசி தையலைத் தாவித் தாவிப் போகும். உருண்டை முனை ஊசி கேட்டு வாங்குங்கள்.

அப்படியும் ஆகாத, சுண்டினால் பிரியும் துணியை மூன்று விரல் அகலத்தில் நீளநீளமாகக் கிழித்து, மூன்று மூன்றாகப் பின்னி, வட்டமாகச் சுற்றிக் கைத்தையலில் இணைத்தால் கால்மிதி. இழுப்பே இல்லாமல் மிதியை மட்டும் வாங்கும் பொருள் என்பதால், வேறெதற்கும் தாங்காத துணி இதில் இன்னும் சில வருடம் கிடக்கும்.